தேவனஹள்ளி வயலில் இறங்கிய 737

ஏறக்குறைய பத்து ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில், மதுரையில் எங்கள் வீட்டு மாடியறைக் கணினியில், சென்னையிலிருந்து பெங்களூருவுக்கு ஒரு போயிங் 737 விமானத்தை ஓட்டிச் சென்று, தேவனஹள்ளிக்கு அருகே வெறும் வயலில் இறக்கினேன். எஞ்சினில் கோளாறு எதுவும் இல்லை, எரிபொருளும் தீரவில்லை, வானமும் தெளிவாகத்தான் இருந்தது. விமானத்தின் கணினி சொன்ன பாதையிலிருந்து நான் ஓர் அங்குலம்கூட விலகவில்லை என்பதுதான் அதில் வேடிக்கை. பாதை சரியாக இருந்தது, உயரம் சரியாக இருந்தது, வேகமும் சரியாக இருந்தது. விமான நிலையம் மட்டும்தான் அங்கே இல்லை.

அப்போது நான் பயன்படுத்தியது, கணினியில் விமானம் ஓட்டிப் பார்க்க உதவும் மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் எக்ஸ், சுருக்கமாக எஃப்.எஸ்.எக்ஸ். அது வெளிவந்தது 2006இல். தேவனஹள்ளியில் இன்று கெம்பேகவுடா பெயரைத் தாங்கி நிற்கும் விமான நிலையம் திறக்கப்பட்டது 2008ஆம் ஆண்டு மே மாதத்தில். ஆகவே அந்தச் சிமுலேட்டரின் உலகத்தில் பெங்களூரு என்றால் ஊருக்குள் இருக்கும் பழைய எச்.ஏ.எல். விமான நிலையம்தான், தேவனஹள்ளி அதற்கு ஏறத்தாழ 15 கடல் மைல் வடக்கே, யாரும் தொடாத நிலமாகக் கிடந்தது. ஆனால் நான் தனியாக விலை கொடுத்து வாங்கியிருந்த அந்த 737, தன் பயணக் கணினிக்கென்று சொந்தமாக ஒரு தரவுத்தளத்தை வைத்திருந்தது. அதை அந்த வாரம்தான் பெருமையோடு புதுப்பித்திருந்தேன். அதில் புதிய விமான நிலையத்தின் வி.ஓ.பி.எல். என்ற குறியீடு இருந்தது, ஓடுதளம் இருந்தது, அதை நோக்கி இறங்குவதற்கான அணுகுமுறைப் பாதையும் இருந்தது. நான் அவற்றைத் தேர்ந்தெடுத்தேன், விமானமும் கீழ்ப்படிந்தது.

ஓர் எச்சரிக்கை இருக்கத்தான் செய்தது, அதைப் படித்துக்கொள்ளும் அறிவு எனக்குத்தான் அப்போது இல்லை. இறங்குவதற்கு முன், ஓடுதளத்துக்கு வழிகாட்டும் வானொலி அமைப்பான ஐ.எல்.எஸ்.ஸின் அலைவரிசையை வைத்தபோது அது ஊமையாக இருந்தது. ஓடுதளத்தின் நடுக்கோட்டைக் காட்ட வேண்டிய ஊசி அசையவே இல்லை. பயணக் கணினியின் பாதை விமானத்தோடு வந்தது, வானொலி அலையோ சிமுலேட்டரின் நிலத்தில் நிற்கும் நிலையத்திலிருந்து வர வேண்டியது. நிலையமே இல்லாத இடத்திலிருந்து அலை எப்படி வரும்? நான் அதைச் சிறிய கோளாறு என்று ஒதுக்கிவிட்டு, கண்ணால் பார்த்து இறக்கிக்கொள்ளலாம் என்று தொடர்ந்தேன். ஐந்நூறு அடி என்று குரல் ஒலித்தபோது கீழே பச்சையும் பழுப்புமாகக் கட்டம் கட்டமாக நிலம் தெரிந்தது. சிமுலேட்டர் இரக்கமுள்ளது, விமானம் நொறுங்காமல் வயலில் சற்று தூரம் உருண்டு நின்றது.

வீட்டுச் சிமுலேட்டரோடு வரைபடத் துணைநிரல்களைச் சேர்த்துப் பயன்படுத்தத் தொடங்குகிற யாரும் என்னிடம் முதலில் கேட்பது, எந்த நிரல் நல்லது, எதில் படம் அழகாக இருக்கிறது, எது இலவசம் என்பதைத்தான். அந்த மாலைக்குப் பிறகு நான் ஒரு வரைபடத்தைத் திறந்தவுடன் கேட்பது வேறு: இது எந்த உலகத்தின் வரைபடம்? சிமுலேட்டருக்குள் இருக்கும் உலகம் ஒன்று. அது வெளியான ஆண்டிலோ, கடைசியாகப் புதுப்பிக்கப்பட்ட நாளிலோ உறைந்துபோனது. விமானத்தின் பயணக் கணினிக்குள் இருக்கும் உலகம் இன்னொன்று. நாம் இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளும், நிஜ விமானிகளுக்கான விளக்கப்படம் காட்டும் உலகம் மூன்றாவது. இந்த மூன்றும் ஒத்துப்போகும்வரை எந்த நிரலும் நல்ல நிரல்தான். ஒத்துப்போகாத இடத்தில்தான் துணைநிரலின் தரம் தெரியும்.

அந்த வயல் தரையிறக்கத்துக்குப் பிறகுதான் லிட்டில் நேவ்மேப் என்ற நிரலை நிறுவினேன். அலெக்ஸாண்டர் பார்தெல் என்பவர் எழுதி, மூல நிரலோடு இலவசமாகவே தந்துகொண்டிருக்கும் நிரல் அது. எஃப்.எஸ்.எக்ஸ்., பிரிபேர்3டி, எக்ஸ்-பிளேன், 2020இலும் அதற்குப் பிறகும் வந்த மைக்ரோசாஃப்ட் பதிப்புகள் ஆகிய எல்லாச் சிமுலேட்டர்களோடும் அது பேசும். முதல் முறை திறக்கும்போது அது ஒரு காரியத்தைச் செய்தாக வேண்டும் என்று வற்புறுத்துகிறது: உங்கள் சிமுலேட்டரின் நிலக்காட்சிக் கோப்புகள் முழுவதையும் வாசித்து, விமான நிலையங்கள், ஓடுதளங்கள், விமான நிறுத்துமிடங்கள், வானொலி நிலையங்கள், வான்பாதையில் பெயரிட்டுக் குறித்த வழிப்புள்ளிகள் எல்லாவற்றையும் தன் தரவுத்தளத்தில் எழுதிக்கொள்கிறது. இதற்குச் சில நிமிடங்கள் ஆகும். பொறுமையில்லாதவர்கள் இதைத் தொல்லை என்று நினைப்பார்கள். என் கணக்கில் அந்த நிரலின் உயிரே இதுதான். வாசித்து முடித்ததும் நான் முதலில் தேடியது தேவனஹள்ளியைத்தான். வரைபடத்தில் ஊர்ப் பெயர் இருந்தது, நெடுஞ்சாலை இருந்தது, ஏனென்றால் பின்னணிப் படம் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இணைய உலக வரைபடத்திலிருந்து வருவது. ஆனால் விமான நிலையத்துக்கான வட்டக்குறி இல்லை. தெற்கே எச்.ஏ.எல். இருந்தது. என் சிமுலேட்டருக்குள் இருக்கும் உலகத்தை முதன்முதலாக அதன் உண்மையான உருவத்தில் பார்த்த நாள் அது.

இதனாலேயே அந்த நிரலைப் பயன்படுத்துவோர் அடிக்கடி மறக்கும் ஒரு வேலையையும் சொல்லிவிட வேண்டும். புதிதாக ஒரு விமான நிலையத்தின் நிலக்காட்சியை வாங்கியோ இறக்கியோ சிமுலேட்டரில் சேர்த்தால், லிட்டில் நேவ்மேப்பில் அந்த வாசிப்பை மறுபடியும் நடத்த வேண்டும். நடத்தாவிட்டால் சிமுலேட்டரில் புதிய முனையமும் புதிய நிறுத்துமிட எண்களும் இருக்க, வரைபடம் பழையதையே காட்டிக்கொண்டிருக்கும். நிறுத்துமிடம் 14 என்று வரைபடம் சொல்லும் இடத்தில் புல்தரை இருந்தால் குறை வரைபடத்தினுடையது அல்ல. மைக்ரோசாஃப்டின் 2024 பதிப்பில் நிலக்காட்சியின் பெரும்பகுதி வட்டில் இராமல் இணையம் வழியாகவே வருவதால், கோப்புகளைத் திறந்து வாசிக்கும் பழைய வழி அங்கே செல்லாது. சிமுலேட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதனிடம் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

வரைபடம் விமானத்தின் இடத்தை எப்படி அறிகிறது என்பது எளிமையான விஷயம். எஃப்.எஸ்.எக்ஸ். வந்த காலத்திலிருந்தே சிம்கனெக்ட் என்ற வாசல் ஒன்று மைக்ரோசாஃப்டின் சிமுலேட்டர்களில் இருக்கிறது. அதன் வழியாக வெளியிலிருக்கும் எந்த நிரலும் விமானத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம், வேகம், மூக்கு நோக்கும் திசை ஆகியவற்றைக் கேட்டுப் பெறலாம். அதற்கு முன்பிருந்தே பீட் டவுசன் எழுதிய எஃப்.எஸ்.யூ.ஐ.பி.சி. என்ற நிரல் இந்த வேலையைச் செய்துவந்தது; சிமுலேட்டரை ஒரு ஜி.பி.எஸ். கருவிபோல் நடிக்க வைத்து, நிஜமான படகுகளுக்கும் விமானங்களுக்கும் எழுதப்பட்ட வரைபட நிரல்களை ஏமாற்றி இணைத்தவர்கள் அந்தக் காலத்தில் பலர் உண்டு. எக்ஸ்-பிளேனில் இதற்கு ஒரு சிறு செருகுநிரல் போதும்.

ஒரே திரையில் இரண்டையும் வைத்துக்கொண்டு அல்லாடுவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். முழுத்திரையில் ஓடும் சிமுலேட்டரை விட்டு வரைபடத்துக்குத் தாவுகிற அந்த இரண்டு நொடியில்தான் விமானம் ஒரு பக்கமாகச் சாயும். வீட்டில் மூலையில் கிடக்கும் பழைய மடிக்கணினி ஒன்றை எடுத்து மேசையில் வைத்து, சிமுலேட்டர் ஓடும் கணினியில் லிட்டில் நேவ்கனெக்ட் என்ற துணையை ஓடவிட்டால், வீட்டு வைஃபை வழியாகவே விமானத்தின் இடம் அங்கே வந்துசேரும். மடிக்கணினியும் இல்லையென்றால் லிட்டில் நேவ்மேப் தனக்குள்ளேயே ஒரு சிறிய வலைப்பக்கத்தை வழங்குகிறது. கைப்பேசியிலோ டேப்லெட்டிலோ உலாவியைத் திறந்து அந்த முகவரியை இட்டால் வரைபடம் தெரியும். இணைப்பு வரவில்லை என்றால் பத்தில் ஒன்பது முறை விண்டோஸ் ஃபயர்வால் வழிமறித்துக்கொண்டிருக்கும். என் அம்மா ஒருநாள் மாடிக்குத் தேநீர் கொண்டுவந்தவர், மடியில் டேப்லெட்டும் கையில் ஜாய்ஸ்டிக்குமாக நான் இருந்த கோலத்தைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, நீயே ஓட்டிக்கிட்டு நீயே வழியும் தேடுறியா?" என்று கேட்டார். நிஜ விமானத்தில் அதற்குத்தான் இரண்டு பேர் என்று சொன்னேன்.

துணைநிரல்களில் பெரும்பாலானவர்கள் கவனிக்காமல் விடும் பகுதி உயர வெட்டுப்படம். திட்டமிட்ட பாதையின் கீழே நிலம் எப்படி ஏறி இறங்குகிறது என்பதைப் பக்கவாட்டில் வெட்டிக் காட்டும் படம் அது. இதன் அருமை சமவெளியில் தெரியாது. மதுரையிலிருந்து கொச்சிக்குச் செஸ்னா 172 என்ற ஒற்றை எஞ்சின் சிறு விமானத்தில் நேர்கோட்டில் செல்வதாக வைத்துக்கொண்டு ஒருமுறை அந்தப் படத்தைத் திறந்து பாருங்கள். மொத்தம் 102 கடல் மைல் அளவுதான். ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும் பயணம். வெட்டுப்படத்தில் மதுரையிலிருந்து உசிலம்பட்டி, தேனி வரை கோடு ஏறக்குறைய தட்டையாகப் போகும். போடிநாயக்கனூர் தாண்டியதும், ஏதோ தவறு நேர்ந்துவிட்டது போல, அது செங்குத்தாக எழும்பும். தேவிகுளம், மூணாறு பக்கத்து மலைகளின் மேல் சிறிது நேரம் ரம்பப் பற்களாக ஓடிவிட்டு, பிறகு கேரளத்தின் பக்கம் படிப்படியாக இறங்கி, கடல்மட்டத்திலிருந்து சில மீட்டர் உயரத்தில் இருக்கும், கொச்சி விமான நிலையம் உள்ள நெடும்பாசேரியில் முடியும். இந்தப் பாதையிலிருந்து ஏறத்தாழ எட்டு கடல் மைல் வடக்கே ஆனைமுடி 2,695 மீட்டர், அதாவது 8,842 அடி உயரத்தில் நிற்கிறது.

மேற்கு நோக்கிப் பறப்பவருக்கு இரட்டைப்படை ஆயிரங்களோடு 500 அடி சேர்ந்த உயரங்கள்தான் உரியவை. 8,500 அடி என்று எழுதினால் பாதையின் நேர்கீழே இடித்துக்கொள்ளாமல் போய்விடலாம் என்று தோன்றும். ஆனால் மேகத்தில் சற்று வடக்கே விலகினால் ஆனைமுடி தலைக்கு மேலே இருக்கும். ஆகவே 10,500. இப்போது அடுத்த சிக்கல் எழுகிறது. செஸ்னா 172 நிதானமாக ஏறும் விமானம். நிமிடத்துக்குச் சராசரியாக 500 அடி என்று கொண்டால் மதுரையிலிருந்து அந்த உயரத்தை எட்ட இருபது நிமிடம் வேண்டும், அதற்குள் இருபத்தைந்து கடல் மைலுக்கு மேல் கடந்திருப்போம். தேனி வருவதற்குச் சற்று முன்தான் ஏற்றம் முடிகிறது என்பதை வரைபடமே ஒரு குறியிட்டுக் காட்டிவிடுகிறது. பின்காற்று இருந்து தரைவேகம் கூடினால் அந்தக் குறி போடியை நோக்கி நகரும். மறுபக்கம், ஆயிரம் அடிக்கு மூன்று கடல் மைல் என்ற பழைய கணக்கின்படி இறங்கவே முப்பது மைல் தேவை, மூணாறிலிருந்து நெடும்பாசேரிக்கு நாற்பது மைலுக்கும் குறைவு. மலை முடிந்த கையோடு இறங்கத் தொடங்காவிட்டால் கொச்சிக்கு மேலே வட்டமடிக்க வேண்டியதுதான். பேருந்தில் போடிமெட்டு ஏறி மூணாறு போனவர்களுக்கு அந்தக் கொண்டை ஊசி வளைவுகள் நினைவிருக்கும். மலையின் கிழக்கு முகம் அவ்வளவு சடாரென்று எழுவதன் பொருள், எண்களாக எனக்குப் புரிந்தது இந்த வெட்டுப்படத்தில்தான்.

ஒரு குறிப்பு: இந்த வெட்டுப்படம் திருத்தமாக வர வேண்டுமானால் உலக உயரத் தரவுக் கோப்பைத் தனியாக இறக்கி நிரலுக்குக் காட்டிக் கொடுப்பது நல்லது. பலர் இதைச் செய்யாமல் படம் தோராயமாக இருக்கிறது என்று குறை சொல்வார்கள்.

இனி தரவின் வயதுக்கு வருகிறேன். நிஜ உலகில் வான்வழிகள், வழிப்புள்ளிகள், அலைவரிசைகள், அணுகுமுறைகள் ஆகியவற்றில் செய்யப்படும் மாற்றங்கள் நினைத்த நாளில் நடைமுறைக்கு வருவதில்லை. உலகம் முழுவதற்கும் பொதுவாக 28 நாட்களுக்கு ஒருமுறை, வியாழக்கிழமையில் தொடங்கும் சுழற்சி ஒன்று உண்டு. ஏராக் என்று அதைச் சொல்கிறார்கள். ஆண்டுக்குப் பதின்மூன்று சுழற்சிகள். ஆண்டின் கடைசி இரண்டு இலக்கமும் சுழற்சியின் வரிசை எண்ணும் சேர்ந்து அதன் பெயராகும். 2020ஆம் ஆண்டில் நாட்காட்டி இடம் கொடுத்ததால் பதினான்காவது சுழற்சியும் வந்து, டிசம்பர் 31 அன்று தொடங்கியது. அதன் எண் 2014. அதை ஆண்டு என்று எண்ணி, ஆறு வருடப் பழைய தரவை விற்கிறார்கள் என்று என்னிடம் சண்டைக்கு வந்த நண்பர் ஒருவர் இருக்கிறார்.

வீட்டுச் சிமுலேட்டர்காரர்களுக்கு இந்தத் தரவைச் சந்தா முறையில் தருவதில் பெயர்பெற்றது ஸ்வீடனின் நேவிகிராஃப். நிஜ விமானிகள் பயன்படுத்தும் ஜெப்பசன் விளக்கப்படங்களும் அதே சந்தாவில் கிடைக்கின்றன. விமானத்தின் இடம் அந்தப் படத்தின் மேலேயே நகரும். பணம் செலவழிக்க விருப்பமில்லாதவர்களுக்கும் வழி இருக்கிறது. அமெரிக்க விளக்கப்படங்களை அந்நாட்டு விமானப் போக்குவரத்து நிர்வாகமும், இந்திய விளக்கப்படங்களை நம்முடைய விமான நிலைய ஆணையமும் இணையத்தில் இலவசமாகவே வெளியிடுகின்றன. லிட்டில் நேவ்மேப்போடு நேவிகிராஃபின் பழைய சுழற்சி ஒன்றும் சேர்ந்தே வருகிறது.

இங்கேதான் என் வயல் தரையிறக்கத்தின் பாடம் மறுபடியும் தலைகாட்டுகிறது. லிட்டில் நேவ்மேப்பில் தரவைப் பயன்படுத்த மூன்று நிலைகள் உண்டு. எல்லாமே நேவிகிராஃபிலிருந்து வரலாம். எதுவுமே அதிலிருந்து வராமல் சிமுலேட்டரை மட்டும் நம்பலாம். அல்லது விமான நிலையங்களைச் சிமுலேட்டரிலிருந்தும் வழிப்புள்ளிகளையும் அணுகுமுறைகளையும் நேவிகிராஃபிலிருந்தும் எடுத்துக் கலந்துகொள்ளலாம். முதல் நிலை கவர்ச்சியானது. எல்லாம் புத்தம் புதிதாக இருக்கும், என் தேவனஹள்ளியும் இருக்கும், இறங்கப் போனால் வயலும் இருக்கும். நான் பெரும்பாலும் மூன்றாவது நிலையில்தான் வைத்திருக்கிறேன். சக்கரம் தொடுகிற இடம் சிமுலேட்டரின் உலகமாக இருக்கட்டும்; வானத்தில் இருப்பவை புதியதாக இருக்கட்டும். இதிலும் இடிக்கும் இடம் உண்டு. ஓடுதளத்தின் எண் மாறியிருந்தால் புதிய அணுகுமுறைக்குப் பழைய ஓடுதளத்தோடு முடிச்சுப் போட முடியாமல் நிரல் திணறும்.

ஓடுதளத்தின் எண் எப்படி மாறும் என்று கேட்கலாம். ஓடுதளம் அப்படியே கிடக்கிறது, பூமியின் காந்தப்புலம்தான் நகர்கிறது. இதை நான் கற்றுக்கொண்ட விதம் சற்று வெட்கத்துக்குரியது. சிமுலேட்டரில் முதல் சில மாதங்கள் நான் தமிழ்நாட்டுக்குள்ளேயேதான் பறந்தேன். நம் பக்கத்தில் மெய் வடக்குக்கும் காந்த ஊசி காட்டும் வடக்குக்கும் இடையே ஒன்றிரண்டு பாகைதான் வேறுபாடு. அச்செடுத்த வரைபடத்தின் மேல் பள்ளிக் கோணமானியை வைத்து மதுரைக்கும் திருச்சிக்கும் இடையே கோணம் அளந்து, அதையே திசைகாட்டியில் வைத்துப் பறந்தால் திருச்சி வந்துவிடும். காந்த விலக்கம் என்ற ஒன்று பாடப்புத்தகத்தில் மட்டும் இருப்பது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு ஒருநாள் எஃப்.எஸ்.எக்ஸ். தானாகத் திறந்துகொள்ளும் இடமான ஃப்ரைடே ஹார்பரிலிருந்து, அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்து அந்தத் தீவிலிருந்து, சியாட்டிலின் போயிங் ஃபீல்டு விமான நிலையத்துக்குப் போக முடிவுசெய்தேன். தூரம் 66 கடல் மைல். கோணமானி 154 பாகை காட்டியது. திசைகாட்டியில் 154 வைத்து, காற்றில்லாத வானத்தில், அசையாமல் பறந்தேன். கணக்குப்படி வந்துசேர வேண்டிய நேரத்தில் ஓர் ஓடுதளம் வந்தது. ஆனால் நகரம் இல்லை, போயிங் தொழிற்கூடங்கள் இல்லை, சுற்றிலும் மரம். இறங்கிய பிறகுதான் தெரிந்தது, அது பூஜெட் சவுண்ட் நீர்ப்பரப்பின் மேற்குப் பக்கத்தில் இருக்கும் பிரெமர்ட்டன் விமான நிலையம் என்று. சியாட்டில் பகுதியில் காந்த ஊசி மெய் வடக்குக்குக் கிழக்கே அப்போது ஏறத்தாழ 17 பாகை விலகியிருந்தது. அறுபது மைலில் ஒரு பாகைப் பிழை ஒரு மைல் விலக்கம் என்பது விமானிகளின் வாய்ப்பாடு. 17 பாகைக்குப் பத்தொன்பது மைல் தள்ளி வேறோர் ஊரில் நின்றேன். மதுரையில் பலித்த வித்தை அங்கே பலிக்கவில்லை.

அந்த 17 பாகை இப்போது 15 அளவுக்குக் குறைந்துவிட்டது. ஓடுதளத்தின் எண் காந்தத் திசையைப் பத்தால் வகுத்து முழுமையாக்கிய எண் என்பதால், எல்லையில் இருக்கும் ஓடுதளங்கள் காலப்போக்கில் வேறு எண்ணுக்குத் தள்ளப்படுகின்றன. போயிங் ஃபீல்டின் 13, 31 என்ற ஓடுதளங்கள் 2017இல் 14, 32 ஆயின. எஃப்.எஸ்.எக்ஸ். உலகில் அவை இன்றும் 13தான். இன்றைய விளக்கப்படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அங்கே 14ஐத் தேடுபவர் தேடிக்கொண்டே இருக்க வேண்டும். வானொலி அலையால் திசை காட்டும் வி.ஓ.ஆர். நிலையங்கள் இன்னும் பிடிவாதமானவை. அவற்றை நட்டபோது, அல்லது கடைசியாகச் சீர்செய்தபோது, காந்த வடக்கு எங்கே இருந்ததோ அங்கேயே அவற்றின் சுழியம் நின்றுவிடுகிறது. ஆகவே வி.ஓ.ஆர். காட்டும் கோணமும் திசைகாட்டி காட்டும் கோணமும் சில பாகைகள் முரண்பட்டால் இரண்டில் எதுவும் பொய் அல்ல.

ஒரு வரைபட நிரல் இந்த விலக்கத்தை எங்கிருந்து எடுக்கிறது என்பது இதனால்தான் முக்கியமாகிறது. அதே சியாட்டில் பாதைக்கு நிரல் இன்றைய காந்த மாதிரியைக் கொண்டு 154இலிருந்து 15ஐக் கழித்து 139 என்று சொல்லி, சிமுலேட்டரின் திசைகாட்டி 2006க்கு முந்தைய கோப்பைக் கொண்டு சுழன்றால், ஊருக்குப் போய்ச் சேரும்போது இரண்டு மைல் தள்ளி நிற்போம். லிட்டில் நேவ்மேப் எஃப்.எஸ்.எக்ஸோடு இருக்கும்போது விலக்கத்தையும் எஃப்.எஸ்.எக்ஸின் கோப்பிலிருந்தே வாசிக்கிறது. எக்ஸ்-பிளேனோடு இருக்கும்போது உலகக் காந்த மாதிரியைக் கொண்டு கணக்கிடுகிறது. யாருடைய வீட்டில் இருக்கிறோமோ அவர்களுடைய கடிகாரத்தைப் பார்ப்பது போன்றது இது.

உலகங்கள் ஒத்துப்போகாததை நகைப்புக்கு இடமாக்குவது, சிமுலேட்டர்காரர்கள் ஒன்றுகூடிப் பறக்கும் வாட்சிம் போன்ற இணைய வலையமைப்பு. அங்கே வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களாக அமர்ந்திருப்பவர்கள் நம்மைப் போன்ற ஆர்வலர்களே என்றாலும், அவர்கள் கையில் இருப்பது இன்றைய விளக்கப்படம். நம் பயணக் கணினியில் இல்லாத ஒரு வழிப்புள்ளியின் பெயரைச் சொல்லி நேராக அங்கே போ என்று கட்டளை வந்தால், என் தரவு பழையது என்று எல்லோரும் கேட்கும்படி அலைவரிசையில் ஒப்புக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை. ஒருமுறை ஒப்புக்கொண்டபின் நான் சந்தா கட்டத் தொடங்கினேன்.

வரைபடத்தில் விமானத்தின் சின்னம் நகர்ந்துகொண்டே இருப்பது பறத்தலின் சுவையைக் கெடுக்கிறது என்று சொல்வோர் உண்டு. அதில் உண்மை இருக்கிறது. மஞ்சள் விமானம் கோட்டின் மேல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பவருக்குச் சன்னலுக்கு வெளியே வைகை அணை கடந்துபோனது தெரியாது. 2020ஆம் ஆண்டுப் பதிப்பில் பிங் வரைபடத்தின் வான்படங்களைக் கொண்டு நிலத்தை நெய்து வைத்திருக்கும்போது, அதைப் பார்க்காமல் டேப்லெட்டைப் பார்ப்பது பாவம் என்றே தோன்றுகிறது. இதற்கு நான் கண்ட வழி, சமவெளிப் பயணங்களில் இணைப்பை அறுத்துவிட்டு வரைபடத்தை வெறும் தாளாக வைத்துக்கொள்வது, மலைப் பக்கம் போகும்போது மட்டும் இணைத்துக்கொள்வது. பாதையில் எந்த நிமிடத்தில் எந்த ஊர் வர வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிக்கொண்டு, ஆறு, ஏரி, ரயில் பாதை ஆகியவற்றைப் பார்த்துச் சரிபார்த்துப் போவதில், மதுரையிலிருந்து சென்னைக்கு ரயிலில் சன்னலோரம் உட்கார்ந்து வருகிற சுகம் இருக்கிறது. எங்கே இருக்கிறேன் என்று தெரியாமல் போய்விட்டால் இணைப்பைக் கொடுத்துப் பார்த்துவிட்டு, யாரும் பார்க்கவில்லை என்று உறுதிசெய்துகொண்டு, மறுபடியும் அறுத்துவிடுவேன்.

எஃப்.எஸ்.எக்ஸை நான் இன்னும் நீக்கவில்லை. பழைய வட்டு ஒன்றில் அது இருக்கிறது, எப்போதாவது திறப்பதுண்டு. போன மாதம் திறந்தபோது லிட்டில் நேவ்மேப்பை அதோடு இணைத்து, நேவிகிராஃப் தரவு முழுவதையும் அணைத்துவிட்டு, சென்னையிலிருந்து பெங்களூருவுக்கு ஒரு பாதை போட்டேன். கோடு தேவனஹள்ளிப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேராக ஊருக்குள் இருக்கும் எச்.ஏ.எல். ஓடுதளத்துக்குப் போனது. அலைவரிசையை வைத்ததும் ஐ.எல்.எஸ். ஊசி துள்ளி எழுந்து நடுவுக்கு வந்தது. 2008க்குப் பிறகு பெங்களூருவுக்கான அன்றாடப் பயணிகள் விமானங்கள் இறங்காத அந்த ஓடுதளத்தில், 737ஐ இந்த முறை ஓடுதளத்திலேயே இறக்கினேன்.